வேலிக்கு அப்பால்

அயலான் என்னுஞ் சொல் நமது ஊர்களிலே எவருக்கும் விளக்கவேண்டிய சொல்லன்று. வேலிக்கு அப்பால் இருப்பவன் அயலான். அவன் அடுப்பில் எழும் புகை நம் முற்றத்தில் வந்து படியும். அவன் வீட்டு முருங்கை நம் கூரைமேற் சாயும். அவன் வளவில் நிற்கும் பலாமரத்தின் சருகை நாம் கூட்டுவோம். நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் முதலிற் காலடி வைப்பவன் அவனே. ஆதலால், கடவுளை முழு மனத்தோடு நேசித்தலும், தன்னை நேசிப்பதுபோலவே அயலானை நேசித்தலுமே வேதத்தின் சாரமென்று யேசுநாதர் போதித்தாரென நாம் படிக்கும்பொழுது, இவ்விரண்டில் இரண்டாவது இலேசானதென்று எண்ணிவிடுகின்றோம். கடவுளைக் கண்ணாற் கண்டவரில்லை. அயலானையோ நாடோறுங் காண்கின்றோம். நாடோறுங் காண்பதனாலேயே அது கடினமென்பதைக் கிடுகுவேலி ஒன்றை அடைத்துப் பார்த்தவர் அறிவர்.

இக்கட்டளை யேசுநாதர் புதிதாக வகுத்ததன்று. பழைய ஏற்பாட்டிலே, லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்திலே அஃது இருக்கின்றது. அஃது எத்தகைய அயலிலே இருக்கின்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயலறுப்பவன் வரம்போரம்வரை ஒட்ட அறுத்துவிடாது, ஓரக்கதிரை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைத்தல் வேண்டும். கூலிக்காரனுடைய கூலி இரவு கழிந்து விடியும்வரை எசமானனிடத்தில் இருத்தலாகாது. செவிடனைத் தூற்றுதலும் குருடன் நடக்கும் வழியில் தடை வைத்தலும் ஆகா. தீர்ப்புச் சொல்பவன் ஏழையென்று ஒருபக்கமும் செல்வனென்று மறுபக்கமும் சாயலாகாது. தராசும் படியும் பொய்க்கலாகா. இத்தகைய விதிகளின் நடுவிலேதான் அயலானை நேசிக்கும் கட்டளை வைக்கப்பட்டுள்ளது. அதே அதிகாரம், அந்நிய தேசத்தவனாய் வந்து குடியிருப்பவனையும் அவ்வாறே நேசிக்கச் சொல்கின்றது; எகிப்திலே நீங்களும் அந்நியராய் இருந்தீர்களன்றோ என்று காரணமுங் காட்டுகின்றது.

அன்பென்ற மாத்திரத்தில் நெஞ்சம் உருகுதலையும் கண் பனித்தலையுமே நாம் நினைக்கின்றோம். மோசேயின் நியாயப்பிரமாணமோ கூலியையும் தராசையும் நினைக்கின்றது. வெளுக்கும் தொழிலாளிக்கும் வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கும் கொடுக்கவேண்டியதை ‘நாளைக்கு வா’ என்று தள்ளிப்போடுங் குடும்பங்களில், ஞாயிறுதோறும் கோவிலுக்குத் தவறாது செல்லுங் குடும்பங்களும் உள. அக்குடும்பங்களில் எவரும் கெட்டவரல்லர். ஆயினும் அந்தப் பெண்ணின் வீட்டிலே அன்றிரவு உலை ஏறுமா என்ற வினா அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தோன்றியிருக்குமாயின் கூலி அன்றே கைமாறியிருக்கும். லேவியராகமம் பேசுவது அந்த ஓரிரவைப் பற்றியே.

இனி, லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். நியாயசாஸ்திரி ஒருவன் யேசுநாதரைச் சோதிக்கும் நோக்குடன், அயலான் எனப்படுபவன் எவன் என வினவுகின்றான். அவ்வினாவின் உட்பொருள், எவனை நேசித்தாற் போதும், எவனை விட்டுவிடலாம் என்பதே. எல்லை கேட்பவனுக்கு நாதர் ஒரு வழியைக் காட்டுகின்றார். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் அவ்வழி ஏறக்குறைய 27 கிலோமீற்றர் நீளமுடையது. எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீற்றர் மேலே உள்ளது. எரிக்கோ கடல்மட்டத்துக்குங் கீழே 250 மீற்றர் அளவில் உள்ளது. வரண்ட மலைப்பிளவுகளினூடாக ஒரே இறக்கமாய்ச் செல்லும் அவ்வழி கள்வர் பதுங்குதற்கு ஏற்றது. அங்கே ஒருவன் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கின்றான். குருவானவன் ஒருவன் கண்டு விலகிச் செல்கின்றான். லேவியனும் அவ்வாறே செல்கின்றான்.

இவ்விருவருக்கும் சாக்குத் தேடிக்கொடுக்கும் போதகர் உளர். பிணத்தைத் தீண்டினால் குருவானவன் தீட்டுப்படுவான். தீட்டுப்பட்டவன் ஆலயத் தொண்டு செய்யமுடியாது. ஆதலால் ஒதுங்கினான் என்பர். கதையை ஊன்றிப் படித்தால், அவன் அவ்வழியே கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தான் என்பது புலப்படும். அவன் ஆலயத்துக்கு ஏறவில்லை. ஆலயத்தை விட்டுப் போகின்றான். பூசை முடிந்து வீடு திரும்பும் நமக்கும் அவனுக்கும் இவ்வகையில் ஒற்றுமை உண்டு.

மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதர்க்கும் சமாரியர்க்குமிடையே இருந்த பகை வெறும் மனத்தாங்கலன்று. கெரிசீம் மலையில் சமாரியர் கட்டி வணங்கிய ஆலயத்தைக் கிறிஸ்துவுக்கு முன் 2-ஆம் நூற்றாண்டிலே யூத அதிபனான யோவான் இர்க்கானு இடித்துத் தள்ளினான். கோவில் இடிபட்ட இனத்தைச் சேர்ந்தவனே, இடித்த இனத்தவனின் காயத்தைத் தொட்டு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றித் தான் நடந்தான். சத்திரத்தில் அவனோடு ஓரிரவு தங்கினான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிப்பணங் கொடுத்தான். அக்காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் தொழிலாளியின் ஒருநாட் கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான். அவனுக்கும் அலுவல் இருந்தது. அதனைக் கைவிடாமலே, தான் போனபின்னும் நோயாளி கைவிடப்படாதிருக்க வழிசெய்தான்.

கதையை முடித்த நாதர், கேட்ட வினாவுக்கு விடை சொல்லாமல் வினாவையே திருப்பி விடுகின்றார். அடிபட்டவனுக்கு அம்மூவருள் அயலானாய் நடந்தவன் எவன் என்கின்றார். ‘சமாரியன்’ என்று சொல்ல நியாயசாஸ்திரியின் நா எழவில்லை. இரக்கஞ் செய்தவனே என்று சுற்றிவளைத்துச் சொல்லுகின்றான். பகைவன் இனத்தின் பெயரை ஒரு நல்ல வாக்கியத்திலே வைத்துச் சொல்ல வாய் கூசுவது அக்காலத்து யூதர்க்கு மாத்திரம் உரிய பிணியன்று.

இக்கதை நமது இலங்கையிலேயே ஒருமுறை நடந்ததெனச் சொல்லத்தக்க சரித்திரம் ஒன்றுண்டு. அதனை மாணவர் அறிதல் நன்று.

ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருமார் இந்நாட்டில் இருத்தலாகாதெனக் கட்டளை பிறந்தது. குருவானவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்றும் விதிக்கப்பட்டது. கோவாவிலே 1651-இல் பிறந்த யோசேவாஸ் முனிவர் இதனைக் கேள்வியுற்று, 1687-இல் கூலியாளின் கோலத்தில், யோவான் என்னும் ஏவலாளனுடன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். கடற்பயணத்தில் உணவும் நீரும் தட்டுப்பட்டு, கரையேறும்போதே கொடிய சீதபேதியினால் வருந்தினார். தொற்றுநோயென அஞ்சிய ஊரவர், அவரை ஊர்ப்புறத்தே ஒதுக்கினர். ஒதுக்குக் குடிசையிலே கிடந்த அப்பரதேசிக்கு இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் பிழைப்பித்தாளென்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுகின்றனர்.

பிற்காலத்தில் இந்நாடு முழுவதும் கொண்டாடும் ஒருவர் இம்மண்ணிலே முதன்முதல் அன்பைக் கொடுத்தவராய் அன்றி, வாங்கியவராய் நுழைந்தார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் குருவானவரென்று அப்பெண்ணுக்குத் தெரியாது. அவள் கண்டது வயிறு நொந்து கிடந்த ஒரு பிறதேசத்தானை மாத்திரமே. அவள் கஞ்சி கொண்டுவராதிருப்பின், அடுத்த 24 ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

நோய் நீங்கியபின், செபமாலையைக் கழுத்தில் வெளித்தெரிய அணிந்து வீடு வீடாய்ப் பிச்சை கேட்டு நடந்தார். மாலையைக் கண்டு முகம் மாறுவோரைக் கொண்டே மறைந்திருந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். சில்லாலையிலே தங்கி இரவில் பூசை செய்தார். தமிழைக் கற்றார். பின்னர் புத்தளஞ் சென்று, 1692-இல் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கேய ஒற்றனென்று குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். அச்சிறையையும் வீணாக்காமல் அங்கிருந்தே சிங்களங் கற்றார்.

1697-இல் கண்டி நகரிலே வைசூரி புகுந்தது. இக்காலத்து மாணவர் அந்நோயைக் கண்டதில்லை. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அது பூமியிலிருந்தே ஒழிந்ததெனப் பிரகடனஞ் செய்தது. அக்காலத்திலோ அதன் பெயரைச் சொல்லவே அஞ்சினர். கடுங்காய்ச்சலும் முதுகுவலியும் முதலில் வரும். பின்னர் முகத்திலும் கைகாலிலும் கொப்புளம் பரவும். வாயிலுந் தொண்டையிலும் புண் படுவதனால் நோயாளி நீர் விழுங்கவும் முடியாது தவிப்பான். நோய் கண்டவருள் பத்துக்கு மூவர் இறப்பர். தப்பியவருள் கண்ணிழந்தோரும் உளர். ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டது 1796-இல். அதற்கு இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன.

அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரை அவர்தம் வீட்டாரே காட்டிற் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினர். அவர்களை நாம் எளிதிற் பழிக்கலாகாது. குடும்பத்தில் ஒருவன் நோய்ப்பட்டால் மற்றையோரும் அடுத்தடுத்து விழுவதை அவர்கள் கண்டிருந்தனர். நோயைத் தடுக்க அவர்கள் அறிந்த வழி விலகுதல் ஒன்றே. வாஸ் முனிவரும், கோவாவிலிருந்து வந்துசேர்ந்த அவர் மருமகனாகிய யோசேப் கர்வாலோ சுவாமியாரும் விலகவில்லை. காட்டிற் கிடந்தோரைத் தேடிச் சென்று கொட்டில் அமைத்தனர். ஆளற்ற வீடுகளை நோயாளர் தங்குமிடமாக்கினர். நீரும் கஞ்சியும் மருந்தும் சுமந்து சென்றனர், புண்களைக் கழுவினர், பிணங்களைத் தம் கையாற் புதைத்தனர். கிறிஸ்தவனோ பௌத்தனோ என்று கேட்டு நீர் வார்க்கவில்லை.

வைசூரிக்கு அன்று மருந்தில்லையே, இவர்கள் செய்ததனால் யாது பயன் என வினவலாம். பயன் மிகுதியும் உண்டு. எழுந்து நீர் மொள்ள மாட்டாதவன், நோயினால் இறக்குமுன்னரே தாகத்தினாலும் பசியினாலும் இறப்பான். தொண்டைப் புண்ணூடே சிறிது சிறிதாகக் கஞ்சிநீரை ஊட்ட ஒருவர் பக்கத்திலிருந்தால், பிழைக்கக்கூடிய உடல் பிழைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்துப் பெண் கொடுத்த கஞ்சி, பத்தாண்டு கழித்துக் கண்டிக் காட்டிலே வார்க்கப்பட்டது.

பௌத்தனாகிய இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் இதனைக் கண்டு, இக்குருவானவர் இல்லாதிருப்பின் நகர வீதிகள் பிணங்களால் நிறைந்திருக்குமெனப் புகழ்ந்தானென்பர். முனிவர் தம் வேதத்தைத் தடையின்றிப் போதிக்கவும் இடங்கொடுத்தான். 1711 தை மாதம் 16-ஆந் திகதி முனிவர் கண்டியிலே காலமானார். 2015 தை மாதம் 14-ஆந் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

இவ்விடத்தில் ஒரு கடினமான வினாவையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கிறிஸ்தவரின் தொண்டு, மதம் மாற்றுவதற்கு இடும் தூண்டில் என்று நமது சைவ நண்பர்கள் சொல்வதுண்டு. சில காலங்களில், சில இடங்களில், அக்குற்றச்சாட்டுக்குக் காரணமும் இருந்தது. வாஸ் முனிவர் ஆன்மாக்களைச் சேர்க்க விரும்பினாரென்பது உண்மையே. அதற்காகவே உயிரைப் பணயம் வைத்து வந்தார். ஆயினும், பிதற்றிக்கொண்டு கிடக்கும் வைசூரி நோயாளி எந்த மதத்தில் சேருவான்? மறுநாள் இறக்கப்போகும் பௌத்தனுக்கு ஊட்டிய கஞ்சிக்கு என்ன கைம்மாறு கிடைக்கும்? திரும்பக் கிடையாத இடத்திற் கொடுத்ததைக் கொண்டே, திரும்பக் கிடைக்கும் இடத்தில் கொடுத்ததன் தன்மையையும் நாம் மதிப்பிடுகின்றோம்.

மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், வைத்தியம் செய்ததோடு வைத்தியம் படிப்பித்தார். 1864 முதல் தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளி பழையபடியே கைவிடப்படுவதை அவர் கண்டதே அதற்குக் காரணம். தமிழிற் கற்றவன் தன் ஊரில் நிற்பான் என எண்ணினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்களையும் ஆக்கினார். அறுபது பேரளவில் அவரிடம் வைத்தியங் கற்றனர். கிறிஸ்தவராகும் தமிழர், உடையிலும் உணவிலும் ஐரோப்பியராக வேண்டியதில்லையென்பது அவர் கொள்கை. அயலானை நேசிப்பவன் அவன் பாஷையைக் கற்கவேண்டுமென்று வேதத்தில் எங்கும் தனியாக எழுதப்படவில்லை. ஆயினும் வாஸ் முனிவரும் கிறீன் வைத்தியரும் முதலிற் செய்தது அதனையே. முக்கால் நூற்றாண்டாகச் சிங்களமுந் தமிழும் ஒன்றையொன்று கல்லாமலே ஒரு தீவில் வாழ்ந்ததன் விலையை அறிந்த நாம், இதற்குமேல் இதனை விரிக்க வேண்டியதில்லை.

காயப்பட்டுக் கிடந்தவனுடைய பக்கத்திலிருந்தும் இக்கட்டளையைப் பார்க்கவேண்டும். 2019 சித்திரை மாதம் 21-ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பிலே சிறு பிள்ளைகள் பலர் மாண்டனர். கொன்றவர், இஸ்லாத்தின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட தீவிரவாதிகள். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும், இச்செயலில் எத்தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொழும்புப் பேராயர், முஸ்லிம்களுக்குத் தீங்கு செய்யாதிருக்குமாறு திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோளை வேதத்திலிருந்து எடுத்துச் சொல்லுதல் எளிது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய், மறுவாரம் மூலைக்கடை முஸ்லிம் முதலாளியிடம் சீனி வாங்கச் செல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தல் எளிதன்று. கடையை மூடுவதா திறப்பதா என்று தெரியாது நிற்கும் அவருக்கும் எளிதன்று. சமாரியன் கதையிலே கேளாத கேள்வி ஒன்றுண்டு: அடிபட்டவன் கண் விழித்து, தன்னைத் தூக்குபவன் சமாரியன் என்று கண்டபோது, அந்தக் கையைத் தள்ளாமல் இருக்க அவனுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது?

பெருங் கலகங்களிலே மாத்திரமன்றிச் சிறு காரியங்களிலும் இது வருகின்றது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்க்குப் பக்கத்து மேசையிலிருப்பவனே போட்டியாளன். சர்வகலாசாலையில் இடம் குறைவு. மாவட்டத்துக்கு இத்தனை பேரென்று அளவுண்டு. காய்ச்சலில் மூன்று நாள் வராதவன் குறிப்பேடு கேட்டால், ‘வீட்டில் வைத்துவிட்டேன்’ என்று சொல்லத் தோன்றும். குறிப்பேட்டைக் கொடுத்தால் ஓரிடம் இழக்க நேருமோ என்ற அச்சம் பொய்யன்று, நேரவுங் கூடும். சமாரியனுக்கும் இரண்டு நாட் கூலி உண்மையாகவே செலவாயிற்று.

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. முன்னைய நாளில் வேலியிலே ‘பொட்டு’ ஒன்று இருக்கும். அதனூடே நெருப்பும் கறியும் குழந்தையும் கைமாறும். படலைக்கு வராமலே பெண்கள் துயரஞ் சொல்லுவர். பொட்டு அடைபட்டால் இரு வீடும் முறிந்தன என்று ஊர் அறியும். கதியால் ஒரு முழம் நகர்ந்ததென்று தொடங்கிய வழக்கு, தகப்பன் காலத்திலிருந்து மகன் காலம்வரை கோடேறி, காணியின் பெறுமதிக்குமேற் செலவழிந்த கதைகளும் நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இன்று கிடுகு போய் மதில் வந்துவிட்டது. மதிலிற் பொட்டு வைக்க முடியாது.

இத்தகைய பிணக்கோடு இருக்குங் குடும்பங்கள் அறியவேண்டிய ஒன்றைச் சொல்லி நிறுத்துகின்றோம். 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தின்படி நாட்டின் பல பகுதிகளில் மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. வேலிப் பிணக்குப் போன்ற சிறு வழக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகுமுன் அங்கே கொண்டுபோகலாம். சிலவற்றைக் கொண்டுபோயே ஆகவேண்டும். மூவர் இருந்து கேட்பர். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் பேசவைத்து இணக்கத்துக்கு வழி தேடுவர். நியாயவாதி வந்து நமக்காகப் பேச இடமில்லை. நாமே நம் வாயாற் பேசவேண்டும். பெரும்பாலும் சனி, ஞாயிறு நாட்களிலே பாடசாலைக் கட்டிடங்களிற் கூடுவதனால், முறை வரும்வரை அயலானோடு ஒரே வாங்கில் இருந்து காத்திருக்க நேரும்.